நன்றி அறிவிப்பில் ஒரு பெயர்

தீக்கோயி,
3 ஜூன் 1997

அன்புள்ள போத்தச்சனுக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். சேட்டத்தி, உன் அண்ணன் பெண்டாட்டி ஏலிக்குட்டி எழுதுவது. நீ குவைத்தில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதினால் அது பொய். மழை பிடித்துவிட்டது. ரப்பர் மரங்களில் மழைநீர் இறங்காமல் பிளாஸ்டிக் கட்ட இன்னும் ஆள் கிடைக்கவில்லை. உன் சேட்டன் இருந்திருந்தால் மே மாதமே கட்டி முடித்துவிட்டு, அடுத்த தோட்டக்காரனைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார். மகள் ஆன்ஸி மங்களூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் ஏறிவிட்டாள். ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போனாலே கால் நடுங்குகிறது அம்மச்சி என்று எழுதுகிறாள்.

நீ போய் நாலு மாதமாகிறது. வந்தது இரண்டே கடிதம், இரண்டிலும் ஒரு பக்கம் கூட நிறையவில்லை. ஊருக்கெல்லாம் தபால் பிரித்துக் கொடுக்கிறவளுக்குத் தபால் இல்லை என்றால் தபால்காரன் சசி கூடச் சிரிக்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

போன புதன்கிழமை என் தபால் ஆபீசுக்கு ஒரு பெண் ரிஜிஸ்டர் தபால் போட வந்தாள். சவுதிக்கு விசா கிடைத்திருக்கிறதாம். கவரை நீட்டினவள் போகாமல் நின்றாள். லூக்கோஸ் டாக்டரின் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள், ஜனவரி ஒன்பதாம் தேதி உன் சேட்டனின் ஆபரேஷனில் உள்ளே நின்றவள். கூட்டம் கலைந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சேச்சி, எனக்கு நெஞ்சு பொறுக்கலை. அன்னிக்கு மயக்க டாக்டர் உள்ளே இல்லை. முதுகுல ஊசி போட்டுட்டுக் கொஞ்ச நேரத்துல கிளம்பிட்டாரு. உங்க வீட்டு சாரோட உதடு நீலமானதை நான்தான் முதல்ல பாத்தேன். லூக்கோஸ் சார் கத்தினாரு. மூச்சுக்குழாய் போடத் தெரிஞ்சவங்க அந்த அறையில யாருமே இல்லை."

கையெழுத்துப் போட்டுத் தருவாயா என்று கேட்டேன். அழுதாள். விசா போய்விடும் என்றாள். நாலு நாளில் விமானம் ஏறிவிட்டாள்.

அந்த டவுனில் மூன்று ஆஸ்பத்திரிக்கும் ஒரே மயக்க டாக்டர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு இடத்தில் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறார் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு குடலிறக்கத்துக்குப் போன மனிதரைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்களே! இதயம் நின்றுவிட்டது, யாருக்கும் நடக்கலாம், கர்த்தரின் சித்தம் என்றார்களே! நானும் தலையாட்டினேனே!

நான் விடப்போவதில்லை. விசாரித்துவிட்டேன். மூன்று வழி இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் அங்கே சின்னத் தவறு என்றால் நிற்காது, பெரிய அலட்சியம் என்று சந்தேகமில்லாமல் காட்ட வேண்டும். மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதலாம். டாக்டர்களைப் பற்றி டாக்டர்களே முடிவு செய்கிற இடம். மூன்றாவது கோட்டயத்தில் இருக்கிற நுகர்வோர் மன்றம். காசு வாங்கிக்கொண்டு செய்கிற வைத்தியமும் அதில் வரும் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லி இரண்டு வருஷமாகப் போகிறது. கட்டணமில்லை, வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமுமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும், அவ்வளவுதான். நான் போடுகிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நர்ஸ் ஓடிவந்து வீட்டார் யார் என்று கேட்டபோது நான் தேடியது உன்னைத்தான். வராந்தாவில் நீ இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு பை ஆரஞ்சோடு வந்தாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அண்ணன் கண் விழித்ததும் கொடுக்கலாம் என்று வாங்கப் போயிருப்பாய். ஆனால் அதற்கு முன்னால் வெளியே கேட் பக்கம்தானே நின்றாய்? அந்த டாக்டர் போனதைப் பார்த்தாயா? நிதானமாக யோசித்து எழுது. அந்த ஒரு சாட்சி இருந்தால் போதும்.

உன் சேட்டத்தி
ஏலிக்குட்டி

*

குவைத்,
26 ஜூன் 1997

அன்பும் மரியாதையும் நிறைந்த சேட்டத்திக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். போத்தச்சன் எழுதுவது. கடிதம் கிடைத்து மூன்று நாளாகிறது. இங்கே சூடு ஐம்பதைத் தொடுகிறது. வண்டியின் ஸ்டியரிங்கைத் துணி சுற்றாமல் பிடிக்க முடியாது. நான் வண்டி ஓட்டுகிற அரபி வீட்டார் லெபனானுக்குப் போகிறார்கள், எனக்கு மட்டும் லீவு இல்லை.

சேட்டத்தி கோபப்படக் கூடாது. அந்த நர்ஸ் ஏதோ மனத்தாங்கலில் சொல்லியிருக்கலாம். லூக்கோஸ் டாக்டரை எதிர்த்து யார் ஜெயித்திருக்கிறார்கள்? மேலும், ஆபரேஷனுக்கு முன்னால் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். என்ன நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்று அதில் அச்சடித்திருந்தது. அதற்குப் பிறகு நாம் என்ன பேச முடியும்?

டாக்டர் போனதைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசல் கேட் பக்கம் நின்றேன்தான். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

சேட்டன் திரும்பி வரமாட்டார், சேட்டத்தி. ஆன்ஸியின் படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் ஜெபமாலை சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள்
போத்தச்சன்

*

தீக்கோயி,
20 ஜூலை 1997

அன்புள்ள போத்தச்சனுக்கு,

தோத்திரம். ஜெபமாலை தினமும் சொல்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மனுவும் எழுதினேன்.

முதலில் அந்தக் கையெழுத்து. புத்தி தெளிவாக இருந்த நோயாளி கட்டிலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி பக்கத்தில் நின்றேன். ஆனால் நர்ஸ் காகிதத்தை நீட்டியது வளைகுடாவிலிருந்து வந்த தம்பியிடம். நம் ஊரில் அப்படித்தானே! நீயும் படிக்காமல் போட்டாய். அது போகட்டும். கத்தி வைக்க அனுமதி கொடுத்தாய், கவனக்குறைவாகக் கொல்ல அனுமதி கொடுக்கவில்லை. எந்தக் காகிதத்தில் எதை அச்சடித்தாலும் கவனக்குறைவுக்கு அது கேடயமாகாது என்று மன்றத்து ஆபீசிலேயே சொன்னார்கள். அந்த வருத்தத்தை நீ சுமக்க வேண்டாம்.

மனு கொடுத்தாயிற்று. மூன்று நகல், நானே டைப் அடித்தேன். மயக்க டாக்டரின் பெயர் தெரியாததால் 'மயக்க மருந்து கொடுத்த டாக்டர்' என்றே எழுதினேன். ஆஸ்பத்திரி பில்லில் கூட அவர் பெயர் இல்லை. நஷ்ட ஈடு எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதிலும் எதையோ எழுதினேன். நான் கேட்பது ஒரு வாக்கியம். அவிராச்சன் விதியால் சாகவில்லை, ஆளில்லாமல் செத்தார் என்று ஒரு அதிகாரி எழுதி முத்திரை குத்த வேண்டும்.

இனி கஷ்டம் நிபுணர் சாட்சி. தவறு நடந்தது என்று இன்னொரு டாக்டர் சொல்ல வேண்டும். ஒன்பது பேருக்கு எழுதினேன். ஏழு பேர் பதில் போடவில்லை. ஒருவர் என் கவரைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். ஒன்பதாமவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நேரில் போனேன், காப்பி கொடுத்து உட்காரவைத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது நியாயம் பெங்ஙளே. ஊசி போட்டவன் பக்கத்துலயே நிக்கணும், அது முதல் பாடம். ஆனா நான் எழுதித் தரமாட்டேன். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா இவங்கதானே வரணும்" என்றார். பெங்ஙள் என்று கூப்பிட்டுவிட்டு, உடன்பிறந்தவளுக்குச் செய்கிற காரியமா இது! காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

இதற்கிடையில் நம் கோயில் விகாரியச்சனும் வீட்டுக்கு வந்து போனார். நல்ல ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கெட்ட பெயர் வருமே என்று அவருக்குக் கவலை. நல்ல மனிதர் ஒருவர் கல்லறையில் கிடக்கிறாரே அச்சனே என்றேன். அதற்குப் பிறகு திருப்பலியில் என் பக்கம் திரும்புவதில்லை.

நீ இன்னொரு முறை யோசித்துப் பார்.

ஏலிக்குட்டி

*

தீக்கோயி,
9 நவம்பர் 1997

போத்தச்சா,

எழுத்து கோணலாக இருந்தால் அது கோபம், வயது அல்ல.

வியாழக்கிழமை மன்றத்தில் ஆஸ்பத்திரியின் பதில் வந்தது. மயக்க டாக்டர் பார்கவன் பன்னிரண்டு நாற்பது வரை நோயாளியின் தலைமாட்டிலேயே நின்றாராம். அதற்கு ஒரு தாள் வைத்திருக்கிறார்கள், அவர் கையெழுத்தோடு. பொய் சொல்வார்கள் என்று தெரிந்துதான் போனேன். அதனால் அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

பிறகு அவர்கள் வக்கீல் ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். பிப்ரவரி பதினெட்டு, நாற்பத்தோராம் நாள் நினைவுக்குப் போட்டது. உன் சேட்டனின் படம். எழுந்து நின்று உரக்க வாசித்தார். 'எங்கள் அருமை அவிராச்சனின் பிரிவில் ஆறுதல் கூறிய அனைவருக்கும், சிறந்த சிகிச்சையளித்த டாக்டர் லூக்கோஸ், டாக்டர் பார்கவன் மற்றும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் குடும்பத்தாரின் இதயங்கனிந்த நன்றி.' வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சிறந்த சிகிச்சைன்னு வீட்டாரே பத்திரிகையில போட்டிருக்காங்க. இப்போ பணத்துக்காக மாத்திப் பேசறாங்க" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நான் தபால் ஆபீசில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். திட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு காகிதத்தைக் கண்டு பயந்ததில்லை. அன்றைக்கு அந்தத் துண்டை வாங்கி இரண்டு முறை படித்தேன்.

அந்த நன்றியை நீதான் போட்டாய். குவைத்துக்குக் கிளம்புவதற்கு முன் பத்திரிகை ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரிகை வந்த அன்று நானும் பார்த்தேன், படத்தைத்தான் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை. கொன்றவனுக்கு நன்றி சொன்ன குடும்பம் என்று இப்போது ஜில்லா முழுக்கப் பெயர்.

வழக்கத்துக்காகப் போட்டது, மனைவிக்குத் தெரியாமல் போட்டது, சிகிச்சையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று நீ சத்திய வாக்குமூலம் எழுதி, அங்கே இந்தியத் தூதரகத்தில் முத்திரை வாங்கி உடனே அனுப்பு. அது வரவில்லை என்றால் என் மனு செத்தது. உன் சேட்டன் இரண்டாம் முறை செத்தார் என்று வைத்துக்கொள்.

ஏலிக்குட்டி

*

குவைத்,
1 டிசம்பர் 1997

அன்புள்ள சேட்டத்திக்கு,

தோத்திரம். என்னை மன்னிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் போடுகிறார்கள், நாமும் போட வேண்டாமா என்றுதான் போட்டேன். பத்திரிகை ஆபீசில் ஒரு மாதிரித் தாள் தருவார்கள். 'சிகிச்சையளித்த டாக்டர்கள்' என்று அதிலேயே இருக்கும், பெயரை மட்டும் நிரப்ப வேண்டும். 'சிறந்த' என்பது கூட அந்த கிளார்க் சேர்த்ததுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

தூதரகம் எங்கள் இடத்திலிருந்து தூரம். அரபி இப்போது லீவு தருகிறவரில்லை. இங்கே தங்குகிற அனுமதியான இக்காமாவைப் புதுப்பிக்கிற சமயம், கோர்ட்டுக் காகிதம் என்று போய் நின்றால் ஏதாவது வம்பு வரும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வருகிறது. ஆன்ஸிக்கு ஒரு கைக்கடிகாரம் ஆள் வழியாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உங்கள்
போத்தச்சன்

*

தீக்கோயி,
20 டிசம்பர் 1997

போத்தச்சனுக்கு,

கடிகாரம் வந்தது. ஆன்ஸி கட்டவில்லை.

பெயரை மட்டும் நிரப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதை நாலு முறை படித்தேன். லூக்கோஸ் சரி, ஆஸ்பத்திரிப் பலகையிலேயே இருக்கிறது. பார்கவன் என்ற பெயர் உனக்கு எப்படித் தெரியும்?

மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான், எனக்குத் தெரியாது. உன் சேட்டனுக்குத் தெரியாது. நர்ஸ் கூட மயக்க டாக்டர் என்றுதான் சொன்னாள். ஜூலையில் பெயர் தெரியாமல் மனு எழுதினேன். நவம்பரில்தான் மன்றத்தில் முதல் முறை கேட்டேன். நீ பிப்ரவரி பதினெட்டுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

இன்னொன்று. அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்கும் பழக்கடை கிடையாது. போன சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆரஞ்சு விற்கிற இடம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், இன்னொரு ஆஸ்பத்திரியின் வாசலில் இருக்கிறது.

அன்றைக்கு நீ எங்கே போனாய்?

ஏலிக்குட்டி

*

குவைத்,
15 மார்ச் 1998

சேட்டத்திக்கு,

மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. பதினோரு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கக் கூடாது என்று முதலில் வாக்குமூலத்தை எழுதித் தூதரகத்தில் முத்திரை வாங்கிவிட்டு, பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி கேட் அருகே, லீவுக்கு வாடகைக்கு எடுத்த அம்பாசடர் கார் பக்கத்தில் நின்றேன். பதினொன்றே முக்கால் இருக்கும். ஒருவர் அவசரமாக வந்து ஸ்கூட்டரை உதைத்தார். அது கிளம்பவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தார். தியேட்டருக்குள் போவதை நான் பார்த்த டாக்டர்தான். எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் ஒன்றும் தோன்றவில்லை, சேட்டத்தி. பதினேழு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். பெரிய மனிதர் ஒருவர் வழியில் நின்றால் என் கை தானாகக் கதவைத் திறந்துவிடும். திறந்தேன்.

சேட்டனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "என் வேலை முடிஞ்சுது. இனி தைக்கிறதுதான் பாக்கி. நல்ல உடம்பு உங்க அண்ணனுக்கு" என்றார். பாலம் தாண்டி அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் குவைத்தைப் பற்றிக் கேட்டார். இறங்கும்போது பெயரைச் சொல்லிக் கைகொடுத்தார். ஒரு டாக்டர் எனக்குக் கைகொடுத்தார் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமையோடு ஆரஞ்சு வாங்கினேன். நல்லதாகப் பொறுக்கி எடுத்தேன். நான் பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சேட்டன் மூச்சுக்குத் திணறியிருக்கிறார்.

திரும்பி வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஆரஞ்சுப் பையை மட்டும் நீட்டினேன். அடக்கத்தன்று லூக்கோஸ் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தோளில் கைபோட்டு, "நடந்தது நடந்துபோச்சு. கேஸ் கீஸுன்னு யாராவது கிளப்பினா, கூட்டிட்டுப் போன உங்க பேருதான் முதல்ல வரும், அதான் சொல்றேன்" என்றார். அதில் என் வாய் அடைத்தது. டாக்டர் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தார் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவர் பெயரையும் நன்றியில் போட்டேன். கிளார்க் மேல் பழி போட்டது பொய். 'சிறந்த' என்பதும் நான் எழுதியதுதான்.

என் சேட்டனுக்குக் காவலாக நின்ற ஒரே மனிதரை நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். எல்லாம் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறேன். என்னையும் குற்றவாளியாகச் சேர்த்தால் சேர்க்கட்டும்.

போத்தச்சன்

*

தீக்கோயி,
2 ஏப்ரல் 1998

போத்தச்சனுக்கு,

வாக்குமூலம் கிடைத்தது. மன்றத்தில் கொடுத்துவிட்டேன்.

உன்னை யாரும் குற்றவாளியாகச் சேர்க்க முடியாது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிற கடமை டாக்டருடையது. கதவைத் திறந்தவன் மேல் சட்டத்தில் குற்றமில்லை, மேசையில் கிடந்தவனை விட்டுவிட்டு வந்து ஏறினவன் மேல்தான் குற்றம். லூக்கோஸ் உன்னை மிரட்டியது வெறும் காற்று. பாதி படித்த ஏலிக்குட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நீ கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு டாக்டருக்குக் கதவு திறந்ததை நான் மன்னிப்பேன், உன் சேட்டன் இருந்தால் அவரும் திறந்துதான் இருப்பார். ஆனால் பதினாலு மாதம்! ஒன்பது டாக்டர்களுக்கு எழுதிக் கெஞ்சினேன். கோட்டயத்துக்கு எத்தனை பஸ் ஏறினேன். பணத்துக்காகப் பேசுகிறாள் என்று ஊர் சிரித்ததை நின்று கேட்டேன். அத்தனை நாளும் சாட்சி என் குடும்பத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஜெபமாலை சொல் என்று எனக்குப் புத்தி எழுதியது. த்தூ!

தியேட்டர் வாசலில் நடுங்குகிற பெண்ணுக்குக் கடிகாரம் அனுப்பினாயே, வெட்கமில்லையா உனக்கு?

இந்த வீட்டுப் படி ஏறாதே. கடிதமும் போடாதே. போட்டால் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பி அனுப்ப எனக்கு இன்னொருவர் தயவு வேண்டாம். அந்தக் குறிப்பை எழுதுகிற பேனா என் மேசையிலேயே இருக்கிறது.

அவிராச்சன் மனைவி
ஏலிக்குட்டி

*

தீக்கோயி,
28 நவம்பர் 1998

போத்தச்சனுக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம்.

உன் மூன்று கடிதங்களைத் திருப்பி அனுப்பினேன். மூன்றையும் பிரிக்கவில்லை. தபால் விதி அது, நான் விதியை மீறமாட்டேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. நாம் ஜெயித்தோம்.

செப்டம்பரில் குறுக்கு விசாரணைக்கு, அரபி லீவு தரமாட்டார் என்று முன்பு எழுதின நீயே வந்து நின்றாய். நான் முன் பெஞ்சில் இருந்தேன். நீ என் பக்கம் பார்க்கவில்லை. மெலிந்திருந்தாய். அந்த வக்கீல் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மயக்க டாக்டரைக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே? அப்போ உங்க அண்ணன் செத்ததுக்கு நீங்கதானே காரணம்?" என்று கேட்டார். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. நீ அவரைப் பார்த்துச் சொன்னாய்:

"ஆமா சாரே, கூட்டிட்டுப் போனது நான்தான். நான் டிரைவர். ஏறினவரைக் கொண்டுபோய் விடறது என் வேலை. ஏறலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது டாக்டரோட வேலை."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியின் தியேட்டர் ரிஜிஸ்டரை மன்றம் வரவழைத்தது. அதில் பன்னிரண்டு ஐந்துக்குப் பார்கவன் இன்னொரு நோயாளிக்கு ஊசி போட்டதாக அவர் கையெழுத்தே இருக்கிறது. பன்னிரண்டு நாற்பது தாள் அத்தோடு போயிற்று.

தீர்ப்பில் எனக்கு வேண்டிய வாக்கியம் இருக்கிறது. 'நோயாளி மேசையில் இருந்தபோது, அவர் மூச்சைக் கவனிக்க வேண்டியவர் காரில் இருந்தார். இது தவறு என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.' உன் நன்றியைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், துக்க வீட்டார் வழக்கத்துக்குப் போடுவதை நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்று. அவர்கள் திருவனந்தபுரத்துக்கு மேல்முறையீடு போவார்களாம். போகட்டும். எனக்கு அந்த ஊருக்கும் பஸ் தெரியும்.

தீர்ப்பு நகலைக் கல்லறைக்குக் கொண்டுபோய் உன் சேட்டனுக்குப் படித்துக் காட்டினேன். ஆன்ஸியும் வந்தாள். போன மாதம் முதல் அவளுக்குத் தியேட்டரில் டியூட்டி. மயக்க டாக்டர் வெளியே போக எழுந்தால், எங்கே போறீங்க சாரே என்று கேட்கிறாளாம். சீனியர் நர்சுகள் திட்டுகிறார்களாம். திட்டட்டும் என்றேன். கையில் நீ அனுப்பிய கடிகாரம் கட்டியிருந்தாள். நான் கட்டச் சொல்லவில்லை.

வரும் ஜனவரி ஒன்பதாம் தேதி உன் சேட்டனின் இரண்டாம் ஆண்டு. பத்திரிகையில் போட இந்த முறை நானே மாதிரித் தாள் வாங்கி வந்தேன். நன்றிக்கு ஒரு இடம், துக்கத்துடன் என்று ஒரு இடம். நன்றி இடத்தில் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். துக்கத்துடன் என்ற இடத்தில் 'மனைவி ஏலிக்குட்டி, மகள் ஆன்ஸி' என்று எழுதினேன். "தம்பி ஒருத்தர் இருந்தாரே சேச்சி, விட்டுப் போச்சே" என்றான் அந்த கிளார்க். பேனாவை மறுபடி எடுத்தேன். உன் பெயரை எழுத என் கைக்கு வரவில்லை. இல்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆன்ஸி பெயருக்குப் பிறகு இடம் விட்டிருக்கிறது. நீயே எழுது. எழுதாவிட்டாலும் தாளைத் திருப்பி அனுப்பு. ஜனவரி ஏழாம் தேதிக்குள் பத்திரிகை ஆபீசில் கொடுக்க வேண்டும்.

ரிஜிஸ்டர் தபாலில் போடு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சேட்டத்தி
ஏலிக்குட்டி